முதல் மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா?

நவம்பர் பிறந்தாலே அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பேச்சு மாறிவிடும். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை விடியற்காலையில் துப்பாக்கி மான் வேட்டை தொடங்கும். மொத்தம் ஒன்பது நாள். அந்த வாரம் அலுவலகத்தில் பலர் விடுப்பில் இருப்பார்கள், பெட்ரோல் பங்கில் ஆரஞ்சு நிறத் தொப்பிகளாகத் தெரியும். வேட்டைச் சாமான் கடையில் தோட்டா அலமாரி முன்னால் புதிதாக வந்தவர்கள் நின்றுகொண்டிருப்பார்கள். எல்லாப் பெட்டியிலும் மான் படம்தான். எதை எடுப்பது?

நானும் அப்படி நின்றவன்தான். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஐம்பது வருடத்துக்கும் மேலாகக் காட்டுக்குப் போகிறவர். நான் கற்றுக்கொண்டதில் பெரும்பங்கு அவரிடம்தான். அவர் முதலில் சொன்னது: "துப்பாக்கி மானைக் கொல்வதில்லை, குண்டுதான் கொல்கிறது. அது சரியில்லை என்றால் மான் வலியோடு ஓடி எங்கோ புதரில் சாகும்." அந்தப் பேச்சிலிருந்துதான் இந்தக் கட்டுரை பிறந்தது. மான் சில நொடிகளில் விழ வேண்டும், கறி வீணாகக் கூடாது. தோட்டா தேர்வில் நான் பார்ப்பது இந்த இரண்டைத்தான்.

வாங்குவதற்கு முன் சட்டம்

இது அமெரிக்காவுக்கான வழிகாட்டி. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுடுவது குற்றம். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் கூட்டரசுச் சட்டத்தின் பொது விதி. ஒரு தோட்டா வைத்திருந்தாலும் அதே விதிதான். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் முதலில், தோட்டா அப்புறம். உரிமம் காலாவதியான பிறகும் வீட்டில் தோட்டா இருந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை கிடையாது.

விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருந்தால்தான் தனியாக வேட்டையாட உரிமம் வாங்க முடியும். அந்த வகுப்பைக் கடமைக்காக உட்கார்ந்து முடிக்காதீர்கள். எனக்குத் துப்பாக்கி பற்றிய பயம் போய் மரியாதை வந்தது அங்கேதான்.

தோட்டா பற்றிய விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விஸ்கான்சினில் .22 காலிபர் (குழாயின் உள்விட்டம், அங்குலத்தில்) அல்லது அதற்கு மேற்பட்ட சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடியில் நடுவில் பற்றவைக்கும்) ரைஃபிள் போதும், ஆனால் விரியாத குண்டால் மானைச் சுடக் கூடாது. கொலராடோவில் குறைந்தது .24 காலிபர் வேண்டும், மானுக்குக் குண்டின் எடை 70 கிரெயினுக்கு (சுமார் நாலரை கிராம்) குறையக் கூடாது, 100 யார்டு (சுமார் 91 மீட்டர்) தூரத்தில் 1000 அடி-பவுண்ட் ஆற்றலும் இருக்க வேண்டும். ஒகையோ, அயோவா போன்ற தட்டையான, ஊர் நெருக்கமான மாநிலங்களில் நேர்ச்சுவர்க் கூடு (கழுத்தில் குறுகாத, நேரான பித்தளைக் கூடு) கொண்ட தோட்டாக்களைத்தான் ரைஃபிளில் அனுமதிக்கிறார்கள். குண்டு வெகுதூரம் போய்விடக் கூடாதே என்ற கவலைதான் அந்த விதிகள் அப்படி அமைந்ததற்குக் காரணம். 2019-இல் வந்த .350 லெஜண்ட் தோட்டா இத்தகைய மாநிலங்களை மனதில் வைத்துச் செய்ததுதான். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எந்த வேட்டைக்கும் ஈயக் குண்டு கூடாது. விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தந்த ஆண்டின் கையேட்டைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

உங்கள் ரைஃபிளின் பேரலைப் படியுங்கள்

எந்தத் தோட்டா என்பதைப் பேரலிலேயே, அதாவது குண்டு வெளியேறும் குழாயிலேயே, பொறித்திருப்பார்கள். ".308 வின்செஸ்டர்" என்று இருந்தால் பெட்டியிலும் அதே பெயர், எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். "கிட்டத்தட்ட அதேதான்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. .300 பிளாக்அவுட் தோட்டா .223 துப்பாக்கியில் சில சமயம் உள்ளே போய் உட்கார்ந்துவிடும். சுட்டால் .30 அங்குலக் குண்டு .22 அங்குலக் குழாயில் நுழையப் பார்க்கும், துப்பாக்கி கையிலேயே வெடிக்கும். இப்படிப் பலருக்கு நடந்திருக்கிறது. வீட்டில் இரண்டு ரைஃபிள் இருந்தால், காட்டுக்குப் போகும் நாளில் ஒன்றின் தோட்டாவை மட்டும் வெளியே எடுங்கள்.

பழைய துப்பாக்கியோடு யாராவது ஒரு டப்பா நிறையத் தோட்டா கொடுத்தால் நன்றி சொல்லுங்கள், ஆனால் சுடாதீர்கள். பச்சை பூத்த பித்தளை, யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டா, பெட்டி இல்லாமல் உதிரியாகக் கிடப்பது, எதையும் நம்ப முடியாது.

எந்தக் காலிபர் என்ற பெரிய சண்டை

இதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து சொல்வார்கள். நான் இதில் அதிக நேரம் செலவழிக்க மாட்டேன். விஸ்கான்சினின் வளர்ந்த வெள்ளைவால் ஆண் மான் உயிரோடு பெரும்பாலும் 70 முதல் 100 கிலோ இருக்கும். காட்டுக்குள் பெரும்பாலும் 100 யார்டுக்குள்தான் சுடுவோம். அதற்கு .243 வின்செஸ்டர், 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08, .270 வின்செஸ்டர், .308, .30-06, இவற்றில் எதுவும் போதும். 1895-இல் வந்த .30-30 இன்னும் ஆண்டுதோறும் மான் எடுத்துக்கொண்டிருக்கிறது. மேக்னம் எனப்படும் அதிக மருந்துத் தோட்டா எதுவும் தேவையில்லை.

துப்பாக்கி இன்னும் வாங்கவில்லை என்றால், உதையை யோசித்து முடிவெடுங்கள். ஒரே எடையுள்ள ரைஃபிளில் .243 தோளில் தரும் உதையைவிட .30-06 தருவது ஏறத்தாழ இரண்டு மடங்கு. .300 வின்செஸ்டர் மேக்னம் அதற்கும் மேல். உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடினால் குண்டு வயிற்றில் போய்ப் படும். வயிற்றில் பட்ட மான் மணிக்கணக்கில் சாகும். உங்களால் கண் இமைக்காமல் சுட முடிகிற சிறிய தோட்டா, பயந்து சுடும் பெரிய தோட்டாவைவிட மானுக்கு நல்லது. மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் நான் 7எம்எம்-08 அல்லது 6.5 கிரீட்மூர் என்றுதான் சொல்வேன். ஊர்க்கடையில் எப்போதும் தோட்டா கிடைக்க வேண்டும் என்பவர்களுக்கு .308 நல்லது.

குண்டுதான் விஷயம்

பெட்டியில் இருபது தோட்டா இருக்கும். ஒவ்வொன்றிலும் நான்கு பாகம்: பித்தளைக் கூடு, அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. மானைத் தொடுவது நுனியில் உள்ள அந்தக் குண்டு மட்டும்தான். பெட்டியில் "150 கிரெயின்" என்று இருந்தால் அது குண்டின் எடை, மருந்தின் எடை அல்ல. ஒரு கிரெயின் கிட்டத்தட்ட 0.065 கிராம். 150 கிரெயின் என்றால் பத்து கிராமுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

.308-இல் 150 கிரெயின் குண்டு பேரலை விட்டு நொடிக்கு சுமார் 2,800 அடி வேகத்தில் புறப்படும். மானின் விலா எலும்பைத் தொட்டதும் அதன் நுனி காளான் குடைபோல் விரிந்து, ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலமாகி, இரண்டு நுரையீரலையும் கிழித்துக்கொண்டு மறுபக்கம் வெளியேற வேண்டும். நுரையீரல் போனால் மான் சில நொடிகளில் மயங்கும். இருபுறமும் துளை இருந்தால் இரத்தத் தடம் நன்றாகத் தெரியும், மான் ஐம்பது அறுபது அடி ஓடி விழுந்தாலும் கண்டுபிடித்துவிடலாம். இலையுதிர்ந்த காட்டில், இருட்டும் நேரத்தில், அந்தத் தடத்தின் அருமை தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இது இரண்டு விதமாகக் கெடலாம். குண்டு விரியவே விரியாமல் ஊசிபோல் நுழைந்து வெளியேறலாம். முழுவதும் செம்பு உறையிட்ட எஃப்.எம்.ஜே. குண்டு அப்படித்தான் செய்யும், அதனால்தான் பல மாநிலங்கள் அதை மானுக்குத் தடை செய்திருக்கின்றன. விலை குறைவு என்று அதை எடுத்துவிடாதீர்கள். அல்லது குண்டு மிக மென்மையாக இருந்து, தோள் எலும்பில் பட்டவுடனே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடலாம். நரி, தரை அணில் போன்ற சிறு பிராணிகளுக்காகச் செய்த குண்டுகள் இந்த வகை. .243 வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். 55, 58 கிரெயின் என்று இருப்பது சிறு பிராணிக்கு, 95, 100 கிரெயின் என்று இருப்பது மானுக்கு. இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே காலிபர் பெயரோடு அடுத்தடுத்து இருக்கும். "மேட்ச்" என்று போட்டிருக்கும் தோட்டாவும் காகித இலக்குக்குத்தான். துல்லியமாகப் போகும், ஆனால் மானுக்குள் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

இதற்குப் பின்னால் எனக்குப் பிடித்த ஒரு கதை உண்டு. 1946-இல் ஜான் நாஸ்லர் என்பவர் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். அது மான் குடும்பத்திலேயே பெரிய மிருகம். காய்ந்த சேறு பூசிய அதன் தோளில் அவர் சுட்ட குண்டுகள் மேலேயே உடைந்து, ஆழம் போகவில்லை. ஊர் திரும்பி அவர் நடுவில் ஒரு செம்புச் சுவர் வைத்த குண்டைச் செய்தார். முன்பாதி விரியும், பின்பாதி உடையாமல் ஊடுருவிப் போகும். 1948-இல் நிறுவனம் தொடங்கினார். "பார்ட்டிஷன்" என்ற அந்தக் குண்டு இன்றும் விற்பனையில் இருக்கிறது. விரியவும் வேண்டும், உடையவும் கூடாது என்ற அந்தப் பழைய சிக்கலுக்குத்தான் இன்று அலமாரியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் தனக்குத் தெரிந்த பதிலைத் தருகிறது.

நுனியில் ஈயம் தெரியும் சாஃப்ட் பாயிண்ட்தான் மிகப் பழைய, மிக மலிவான வகை. 1939 முதல் இருக்கும் ரெமிங்டன் கோர்-லாக்ட், ஃபெடரல் பவர்-ஷாக், வின்செஸ்டர் பவர்-பாயிண்ட் எல்லாம் இதுதான். 200 யார்டுக்குள் வெள்ளைவால் மானுக்கு இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிளாஸ்டிக் நுனி வைத்த குண்டு காற்றைக் கிழித்துக்கொண்டு நன்றாகப் போகும், பட்டதும் வேகமாக விரியும். மிக அருகில் தோளில் பட்டால் கறியை நிறையக் கெடுக்கும் என்பதுதான் குறை. ஈயத்தையும் செம்பு உறையையும் ஒட்டவைத்த பாண்டட் குண்டு அவ்வளவு எளிதில் உடையாது. ஃபெடரல் ஃப்யூஷன் இந்த வகையில் விலை தாங்கக் கூடியது.

கடைசியாக முழுச் செம்புக் குண்டு. ஈயமே இல்லை. பார்ன்ஸ் நிறுவனம் 1980-களின் இறுதியில் இதைப் பரவலாக்கியது. நான் இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறேன், காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஈயமும் நம் சாப்பாட்டுத் தட்டும்

ஈயக் குண்டு விரியும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் சிதறும். நாம் வெட்டி எறியும் இரத்தம் கட்டிய பகுதியோடு அவை நிற்பதில்லை, காயத்திலிருந்து ஓரடிக்கு அப்பாலும் போய்க் கறியில் ஒட்டும். 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு வழங்க வைத்திருந்த மான் கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, ஈயம் இருப்பது தெரிந்ததும் உணவு வங்கிகளிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கர்ப்பிணிகளும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் ஈயக் குண்டால் சுட்ட மான் கறியைச் சாப்பிட வேண்டாம் என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை அதே ஆண்டு அறிவுறுத்தியது.

நாம் சாப்பிடாவிட்டாலும் காட்டில் விட்டு வரும் குடலைக் கழுகுகள் சாப்பிடும். கலிபோர்னியா காண்டார் என்ற பெரும் பிணந்தின்னிக் கழுகு 1987-இல் உலகத்திலேயே 27 மட்டும்தான் மிச்சம். அத்தனையையும் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்கித் திரும்பவும் காட்டில் விட்டார்கள். அப்படி விட்ட பறவைகளை இன்றும் அதிகமாகக் கொல்வது குண்டின் ஈயம்தான். நம் ஊரில் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்தால் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததை நினைத்துப் பார்த்தால் இது நமக்கு அந்நியமான கதை இல்லை.

செம்புக் குண்டு வாங்குவதாக இருந்தால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். செம்பு ஈயத்தைவிட லேசானது, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். ஈயத்தில் எடுப்பதைவிட ஒரு படி குறைந்த எடையை எடுங்கள். .308-இல் 165-க்குப் பதில் 150, அல்லது 130-உம் போதும். அடுத்து, செம்பு விரிய வேகம் வேண்டும், ஆகவே மிக நீண்ட தூரத்துக்கு இது பொருந்தாது. விலையும் அதிகம்தான். ஆனால் ஒரு சீசனுக்குக் காட்டில் சுடுவது ஒன்றோ இரண்டோ. அந்த விலை வித்தியாசத்தை என் பிள்ளைகளின் தட்டோடு ஒப்பிட்டு நான் பேரம் பேசுவதில்லை.

எடை

ஈயக் குண்டில் வெள்ளைவால் மானுக்கு வழக்கமான எடைகள் இவை: .243-க்கு 95 முதல் 100 கிரெயின், 6.5 கிரீட்மூருக்கு 129 முதல் 143, .270-க்கு 130, 7எம்எம்-08-க்கு 140, .308-க்கு 150, .30-06-க்கு 150 அல்லது 165, .30-30-க்கு 150 அல்லது 170.

.30-30 லீவர் ரைஃபிள் வைத்திருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தோட்டா நிரப்பும் அதன் மேகசின் பேரலுக்குக் கீழே நீளக் குழாயாக இருக்கும். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒன்றின் நுனி முன்னதன் பிரைமரைத் தொட்டபடி படுத்திருக்கும். கூர் நுனிக் குண்டைப் போட்டால் உதை அதிர்ச்சியில் நுனியே பிரைமரைக் குத்தி உள்ளேயே வெடிக்கலாம். தட்டை நுனி, அல்லது ஹார்னடி லெவரெவல்யூஷன் போன்ற வளையும் ரப்பர் நுனிக் குண்டுகள் மட்டும்தான் அதற்கு.

வாங்கிய தோட்டாவை உங்கள் துப்பாக்கி ஏற்கிறதா?

இதைப் பெரும்பாலானவர்கள் தவிர்த்துவிடுகிறார்கள். நானும் முதல் வருடம் தவிர்த்தேன். அக்டோபர் முழுக்க மலிவான பயிற்சித் தோட்டாவால் சுட்டு, குறிபார்க்கும் ஸ்கோப்பைச் சரிசெய்து வைத்திருந்தேன். சீசனுக்கு இரண்டு நாள் முன்பு பெரியவர் கேட்டதால் வேட்டைத் தோட்டாவில் மூன்று சுட்டுப் பார்த்தேன். 100 யார்டில் மூன்று அங்குலம் வலப்பக்கம், இரண்டு அங்குலம் கீழே. அன்று அவர் கேட்காமல் போயிருந்தால் ஒரு மான் காயத்தோடு ஓடியிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

எடை, வேகம், பேரல் அதிர்வு எல்லாம் மாறுவதால் ஒவ்வொரு தோட்டாவும் ஒவ்வொரு இடத்தில் அடிக்கும். ஒரே மாதிரித் துப்பாக்கி இரண்டு இருந்தால் ஒன்றுக்குப் பிடித்தது மற்றதற்குப் பிடிக்காது. ஆகவே ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிக்கொண்டு சுடும் பயிற்சி இடமான ரேஞ்சுக்குப் போங்கள். முதலில் 25 யார்டில் காகிதத்தில் படுகிறதா பாருங்கள். அப்புறம் 100 யார்டில் ஒவ்வொரு வகைக்கும் மூன்று குண்டு, மணல் பை மேல் வைத்து, நிதானமாக. நடுவில் பேரல் கையால் தொடும் சூட்டுக்கு ஆறட்டும், இதில் அவசரப்பட்டால் முடிவு பொய்யாகிவிடும். மூன்று துளையும் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் அந்தத் தோட்டா போதும். மானின் இதயம், நுரையீரல் இருக்கும் இடம் சுமார் எட்டு அங்குல அகலம், ஒரு சாப்பாட்டுத் தட்டின் நடுப்பகுதி அளவு. மூன்று துளையும் அரை அங்குலத்துக்குள் விழ வேண்டும் என்று காசைக் கரைக்க வேண்டாம்.

நன்றாக அடித்த வகையை வைத்து ஸ்கோப்பை 100 யார்டில் நடுப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். .308, 150 கிரெயின் என்றால் 200 யார்டில் குண்டு சுமார் நான்கு அங்குலம் தாழும், 300 யார்டில் ஓரடிக்கும் மேல். புதியவர்கள் 150 யார்டுக்கு மேல் சுட வேண்டாம் என்பது என் கருத்து. அடுத்து மேசையை விட்டு எழுந்து, உட்கார்ந்தும் மண்டியிட்டும் கம்பு ஊன்றியும் சுட்டுப் பழகுங்கள், காட்டில் மணல் பை இருக்காது. இந்தப் பழக்கத்துக்கு மலிவுத் தோட்டா போதும். ஆனால் கடைசி மூன்று எப்போதும் வேட்டைத் தோட்டாவாக இருக்கட்டும்.

விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டை (தோட்டாவை உள்ளே அடைத்திருக்கும் பூட்டை) திறக்காதீர்கள். முனையைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து முப்பது நொடி காத்திருங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும். வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக "புஸ்" என்று கேட்டால் அன்றைய சுடுதலை நிறுத்தி, தோட்டாவை இறக்கிவிட்டு, பேரலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

சீசன் நாளில்

பத்துத் தோட்டா எடுத்துப்போனால் ஏராளம். ஒரே பாக்கெட்டில், வேறெதுவும் கலக்காமல், சத்தம் போடாத துணிப் பையில். மரத்து மேல் இருக்கும் மேடையில் ஏறி உட்கார்ந்து, துப்பாக்கியைக் கயிற்றால் மேலே இழுத்துக்கொண்ட பிறகுதான் மேகசினில் ஏற்றுங்கள். இறங்கும் முன் இறக்கிவிடுங்கள். உறைபனியிலிருந்து வந்ததும் சூடான அறைக்குள் தோட்டாவைக் கொண்டுபோனால் ஈரம் கோக்கும், காரிலேயே பூட்டி வைப்பது நல்லது.

என் முதல் மான் ஒரு பெண்மான். எழுபது யார்டு, பக்கவாட்டில் நின்றது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் பட்டது. நாற்பது அடி ஓடி விழுந்தது. பெரியவர் வந்து திறந்து காட்டினார்: இரண்டு நுரையீரலிலும் ஒரே நேர்க்கோட்டில் துளை, தோள் கறி முழுதாக இருந்தது. காயத்தைச் சுற்றி ஒரு கையகலம் வெட்டி ஒதுக்கினோம். செம்புக் குண்டு என்றாலும் இதைச் செய்யுங்கள், எலும்புத் துணுக்கு இருக்கும். அப்புறம் நாட்பட்டு மெலியும் சி.டபிள்யூ.டி. நோய்க்கு மாதிரி கொடுத்தோம். 2002-இல் இந்த மாநிலத்தில் அந்த நோய் தெரிந்ததிலிருந்து பரிசோதனை நடக்கிறது. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரில் இருந்தது. மான் கறியில் கொழுப்பு மிகக் குறைவு, மிளகு வறுவலுக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட வேண்டும்.

சீசன் முடிந்ததும் மீதித் தோட்டாவை அதே பெட்டியில் போட்டு, உலர்ந்த இடத்தில், துப்பாக்கியிலிருந்து தனியாகப் பூட்டி வையுங்கள். பெட்டியின் மடிப்பில் லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்பதைக் காட்டும் எண்) அச்சிட்டிருக்கும். அதையும் எந்தத் தூரத்துக்கு ஸ்கோப்பை வைத்தீர்கள் என்பதையும் மூடியிலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். அடுத்த கோடையில் கடையில் அதே எண் கிடைத்தால் இரண்டு பெட்டி சேர்த்து வாங்குங்கள். எண் மாறியிருந்தால் மறுபடி மூன்று குண்டு சுட்டுப் பார்க்க வேண்டியதுதான்.